ஆறு வாரத்தில் செத்துப்போகும் என்று நீங்கள் சொன்ன பாட்டு

மெம்ஃபிஸ்,
ஜூன் 20, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா ஜெனோபியாவுக்கு,

தம்பி ஹோஸியா பணிவன்புடன் எழுதுவது. டெட்ராய்ட்டில் தங்கள் முழங்கால், தங்கள் பூனை, தங்கள் மருமகன் ஆகிய மூன்றும் இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய வெள்ளிக் கரண்டிகள் வந்து சேர்ந்தன. தாங்கள் வர முடியாமல் போன என் பொண்ணு ரெனிட்டாவின் கல்யாணம் சனிக்கிழமை இனிதே நடந்தேறியது என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை அக்கா. சனிக்கிழமை நடந்ததற்குத் தாங்களும் ஒரு வகையில் பொறுப்பு என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

1971 செப்டம்பரில், எனக்கும் வெர்னெலுக்கும் கல்யாணமாகி மூன்றாவது வாரம், தாங்கள் மெம்ஃபிஸில் குடியிருந்தபோது, தங்கள் சமையலறை ரேடியோவில் அந்தப் பாட்டு முதல் தடவையாக வந்தது. நான் கையிலிருந்த சோள ரொட்டியைத் தரையில் போட்டேன். தாங்கள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "டேய் ஹோஸியா, எதுக்கு இப்படி வெளுத்துப் போற? இந்த மாதிரி உருகிப் பாடுற ஸோல் பாட்டெல்லாம் ஆறு வாரம் ஓடும், அப்புறம் செத்துப்போகும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு" என்றீர்கள். நானும் மூடிக்கொண்டிருந்தேன். அக்கா, அந்த ஆறு வாரம் இன்னும் முடியவில்லை! ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது! பாடின ஆள் செத்துப்போனான், வாசித்தவர்கள் செத்துப்போனார்கள், பதிவு செய்த கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள், பாட்டு மட்டும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

தங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தங்களுக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் நவம்பர் மாதம், லாமர் அவென்யூ முனையில், சலவைக் கடைக்கு எதிரில், நல்ல மழை. நான் இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வெர்னெல் அப்போது தொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், தினமும் என் வண்டியில் வருகிறவள், தினமும் எனக்கு "குட் ஈவ்னிங்" சொல்கிறவள். அதற்கு மேல் எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அன்று அவள் சொல்லவில்லை. முகம் வீங்கியிருந்தது. ஏறி மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே கோர்டெல் புரூயிட் ஓடி வருகிறான், அவள் அப்போது பழகிக்கொண்டிருந்த பாட்டுக்காரன். மழையில் நனைந்து, கதவில் தட்டி, "டிரைவர், கதவைத் திற!" என்று கத்துகிறான். நான் திறக்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன். அவன் போய் அதைப் பாட்டாக எழுதிவிட்டான்.

இவ்வளவும் தங்களுக்குத் தெரியும். பாட்டில் வருகிற அந்த இரண்டாவது வரி இருக்கிறதே, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே, எனக்குத் தெரியுமே, கல்லு மனசுக்காரா" என்று, அது பாட்டுக்காக அவன் சேர்த்த பொய் என்று அன்றைக்குத் தங்கள் பின்கட்டில் நின்று சத்தியம் செய்தேனே, அதுதான் பொய் அக்கா. அது நிஜம். அந்த நிறுத்தத்தில் நான் 5.40 வரை நிற்க வேண்டும். என் வாட்சில் 5.38. ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்? அவளை அவன் இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிடுவானோன்னு எடுத்தேன். பஸ் ஓட்டின நாற்பது வருஷத்துல நான் நேரத்துக்கு முன்னாடி கிளம்பினது அந்த ஒரு நாள்தான். ஆறு மாசம் கழிச்சு அவகிட்ட பேசினேன், ஒன்பதாவது மாசம் கல்யாணம். அந்தக் கல்யாணம் பூரா அந்த ரெண்டு நிமிஷத்து மேலதான் நிக்குது. இதை நான் வெர்னெல்கிட்ட சொன்னதில்லை. அவளும் அந்தப் பாட்டைப் பத்தி ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. ரேடியோவில் அது வரும்போது அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தால் கத்தி ஒரு நொடி நிற்கும். பிறகு ஓடும். ஐம்பத்திரண்டு வருஷமாக நான் அந்த ஒரு நொடியைப் பார்த்துக்கொண்டே குடித்தனம் நடத்துகிறேன்.

வேலையில் இருந்தபோது பட்டதைத் தங்களிடம் போனில் அழுதிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போதே கதவைத் தட்டிப் பாடும். குடித்தவன் பாடுவான். மேலதிகாரியின் பதவி உயர்வு விருந்தில் மேலதிகாரி பாடினார். 2004இல் கோர்டெல் இறந்தபோது சவ ஊர்வலத்துக்கு ஒரு பஸ் கேட்டார்கள், அனுபவஸ்தன் என்று என்னை அனுப்பினார்கள். கறுப்பு உடுப்பில் நாற்பத்தைந்து பேர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கல்லறை வரைக்கும், "டிரைவர், கதவைத் திற!" கல்லறை வந்ததும் கதவைத் திறந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஓய்வு பெற்றால் விட்டுவிடும் என்று நினைத்தேன். எங்கே விட்டது? இந்த வருஷம் மட்டும் கேளுங்கள். மார்ச்சில் பல் டாக்டரிடம் போனேன். வாயை முழுக்கத் திறந்து உள்ளே இரண்டு கருவியை வைத்துவிட்டார்கள், மேலே ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு. அந்த டாக்டர் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்காது, அது பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தின பாட்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டே என் கடைவாய்ப் பல்லை நோண்டுகிறது. "இந்த டிரைவர் மாதிரி ஒரு மோசமான ஆளு உலகத்துலயே இருக்க மாட்டான், இல்லீங்களா அங்கிள்?" என்று என்னையே கேட்கிறது. நான் "ஆ... ஆ..." என்றேன். "பாத்தீங்களா, நீங்களும் ஒத்துக்கிறீங்க" என்றது.

ஏப்ரலில் ஈஸ்டர். நான் வழக்கம்போல் சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற இளம் பாஸ்டர் டில்மேன் எழுந்து, இன்று பாடகர் குழு ஒரு புதிய கீர்த்தனை பாடும் என்றார். ஆர்கன் ஆரம்பித்ததுமே நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அதே மெட்டு! "சாரதியே, கதவைத் திறவும்! பாவி நான் மழையில் நிற்கிறேன்!" இத்தனை வருஷமாக வில்லனாக இருந்த என்னை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கர்த்தராக்கிவிட்டார்கள் அக்கா! எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. குழுவில் இரண்டாவது வரிசையில் நீல அங்கியில் வெர்னெல் நிற்கிறாள், பாடுகிறாள், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். எதுக்குக் கண்ணை மூடணும்? கீழ்க்குரல்ல ஆல்ட்டோ பாடுறவங்க யாராவது கண்ணை மூடுவாங்களா? அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் காணிக்கைத் தட்டை ஒரு கைக்குழந்தையிடம் நீட்டிவிட்டேன்.

மே மாதம் மீன் வாங்கப் போனபோது லாமர் அவென்யூ முனையில் ஒரு ஜப்பான்காரப் புருஷனும் பெண்டாட்டியும் நின்று பஸ் நிறுத்தக் கம்பத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒசாகாவிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறார்களாம். நான் வயசான ஆளாகக் கண்ணில் பட்டேன் போல. அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகத் தலை குனிந்து, "ஐயா, நீங்க டிரைவர் மாதிரி நிக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்" என்று கேட்டது. நின்றேன். வேற என்ன பண்றது? அந்த மனுஷன் காற்றில் தட்டி நிஜமாகவே கண்ணீர் விட்டார். "ரொம்பத் தத்ரூபமா முறைக்கிறீங்க" என்று பாராட்டி ஒரு பச்சைத் தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள். வெர்னெலிடம் கடையில் இனாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இனிமேல்தான் விஷயம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரெனிட்டாவும் மாப்பிள்ளை டெஸ்மண்டும் ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தார்கள். டெஸ்மண்ட் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், நல்ல பிள்ளை, இரண்டாவது தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். நாற்பத்து மூன்று வயசில் என் பொண்ணுக்கு இப்படி ஒருத்தர் கிடைத்தாரே என்று நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரெனிட்டா கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்பா, கல்யாணத்தன்னைக்கு நாங்க ஆடுற முதல் டான்சுக்கு என்ன பாட்டு எடுத்திருக்கோம் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"அது ஒருத்தி ஒருத்தனை விட்டுட்டுப் போற பாட்டும்மா!" என்றேன். "கல்யாணத்துல யாராவது அதைப் போடுவாங்களா?"

"எல்லாரும் போடுறாங்கப்பா. வார்த்தையை யாரு கேக்குறா? அந்த ஆளோட குரலைக் கேளுங்க. அந்த மாதிரி ஒருத்தன் நமக்காகக் கதவைத் தட்டணும்னுதான் எல்லாப் பொண்ணுங்களும் நினைக்குறாங்க. இல்லம்மா?"

வெர்னெல் குழம்புக் கிண்ணத்தை எடுத்தாள். "சாதத்துக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தவா டெஸ்மண்ட்?" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பதில். அந்த மாதிரி ஒருத்தன்! அக்கா, நான் ஒரு நாளும் எந்தக் கதவையும் தட்டினவன் இல்லை. நான் கதவை மூடினவன். என் பொண்ணு கல்யாணத்தில், என் பொண்டாட்டி பக்கத்தில், இருநூறு பேர் முன்னால் அந்தப் பாட்டு ஓடினால் வெர்னெல் முகத்தில் என்ன வரும்? அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன்.

பாட்டுப் போடுகிறவனைத் தேடிப் போனேன். அவனுக்கு டிஜே பிஸ்கட் என்று பெயர். ஆறடி உயரத்தில் ஒரு ஆள் எதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்துக்கொள்கிறான் என்று நான் கேட்கவில்லை, வந்த காரியம் அப்படி. பாட்டைப் போடாதே என்றேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியவரே, விளையாடுறீங்களா? அந்தப் பாட்டுப் போடாம இந்த ஊருல கல்யாணம் நடத்தினா அப்புறம் என்னைப் பொறந்தநாளுக்குக்கூட கூப்பிட மாட்டாங்க. கல்யாணப் பொண்ணே கேட்டிருக்காங்க!"

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

"எதுக்கு? உங்களுக்கு அந்தப் பாட்டு மேல என்ன கோபம்?"

சொல்ல முடியுமா? பன்னிரண்டு மணி நேரம் ஹிக்கரி விறகுப் புகையில் வாட்டின பன்றித் தோள்கறி ஒரு முழுசு அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மெஷின் கொஞ்ச நாளாவே சரியில்லைதான்" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு சர்ச்சில் வைத்து மோதிரம் மாற்றினார்கள். ரெனிட்டா தேவதை மாதிரி இருந்தாள். நான் அழுதேன், அதை நான் மறுக்கவில்லை. பிறகு எல்லாரும் பக்கத்துக் கூடத்துக்குப் போனோம். பொரித்த கோழி, கீரை, மக்ரோனி, எல்லாம் வரிசையாக இருக்கிறது. முதல் டான்ஸ் நேரம் வந்தது. பிஸ்கட் பொத்தானைத் தட்டினான், முகத்தைச் சுளித்தான், ஒயரைப் பிடுங்கிச் சொருகினான், என்னமாய் நடித்தான் என்கிறீர்கள்! "மன்னிக்கணும் மக்களே, அந்தப் பாட்டு மட்டும் வர மாட்டேங்குது, வேற போடுறேன்" என்றான். ரெனிட்டா முகம் வாடிவிட்டது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் எனக்கு மூச்சும் வந்தது. தப்பித்தோம் என்று ஒரு டம்ளர் ஐஸ் டீயை எடுத்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை மிஸ் லூடி, எண்பத்தாறு வயசு, கத்தரிப்பூ நிறத் தொப்பி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கைத்தடியால் தரையைத் தட்டினாள். டொக், டொக். டொக், டொக். "மெஷின் எதுக்குடா? நமக்குத் தொண்டை இல்லையா?" என்றாள். சொல்லிவிட்டு ஆரம்பித்தாள் பாருங்கள்! பக்கத்து மேஜை சேர்ந்துகொண்டது. அதற்குப் பக்கத்து மேஜை. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்துவிட்டார்கள். பாஸ்டர் டில்மேன் கோட்டைக் கழற்றினார். தொண்ணூறு வயசு ஆளும் ஆறு வயசுப் பிள்ளையும் ஒரு வார்த்தை பிசகாமல் பாடுகிறார்கள்! யார் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம்? இருநூறு பேர் காலால் தரையை உதைக்கிறார்கள், கூடத்து ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்கிறது. அந்த பிஸ்கட், என் தோள்கறியைத் தின்ற பாவி, மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறான்!

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது கல்யாணங்களில் ஒரு வழக்கம் வந்திருக்கிறதாம், எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு ஒருத்தரை டிரைவராக உட்கார வைப்பார்களாம். எல்லாரும் சுற்றி நின்று இல்லாத கதவைக் காற்றில் தட்டுவார்களாம். பாட்டு முடிகிற இடத்தில் அவர் கதவைத் திறப்பாராம், மாப்பிள்ளையும் பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போவார்களாம். ரெனிட்டா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, வாங்க! நாற்பது வருஷம் பஸ் ஓட்டின ஆளு இருக்கும்போது வேற யாரு உக்கார முடியும்? பாருங்க, உங்களுக்காகவே வாங்கி வச்சிருந்தேன்!"

ஒரு டிரைவர் தொப்பி அக்கா. என் தலையில் வைத்தாள். என்னை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். என்னைச் சுற்றி இருநூறு முகம். இருநூறு கை. எல்லாரும் சிரித்துக்கொண்டே, என் பொண்ணும் சிரித்துக்கொண்டே, "டிரைவர், கதவைத் திற! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே! கல்லு மனசுக்காரா!" எனக்கு மழை தெரிஞ்சுதுக்கா. சத்தியமா. கண்ணாடியில தண்ணி வழியுறது தெரிஞ்சுது, அவன் உள்ளங்கை தெரிஞ்சுது. கூட்டத்துல வெர்னெலைத் தேடினேன். கேக் மேஜை பக்கத்துல நிக்கிறா. பாடல. என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா.

நான் எழுந்து, "திறக்க மாட்டேன்! முடியாது! அன்னைக்கும் திறக்கல, இன்னைக்கும் திறக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

கூடமே நின்றுபோயிற்று. மிஸ் லூடியின் தடிகூட நின்றுபோயிற்று. ரெனிட்டா வாய் மேல் கை வைத்துக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நேரே சமையலறைக்குள் போய்விட்டேன். என் ஒரே பொண்ணு கல்யாணம். நான் பண்ணின காரியத்தைப் பாருங்கள்.

பீச் பழக் காப்ளர் இனிப்புத் தட்டுகள் அடுக்கியிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. வெர்னெல்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? மாத்திரை போட்டீங்களா?"

"5.38" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு மணி 5.38தான் ஆயிருந்துச்சு, வெர்னெல். 5.40 வரைக்கும் நான் நிக்கணும். ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டேன். அவன் ஏறிடக் கூடாதுன்னுதான் எடுத்தேன். நீ இறங்கிடக் கூடாதுன்னு எடுத்தேன். அவன் பாட்டுல சொல்றது அத்தனையும் நிஜம். நான் கதவைத் திறந்திருந்தா நீ அவனைக் கட்டியிருப்பே. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே உன் வாழ்க்கையை நான் ஓட்டிட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டேன் அக்கா. எழுபத்தேழு வயசில், கையில் காப்ளர் ஒட்டிக்கொண்டிருக்க, அழுதுகொண்டே சொன்னேன். அவள் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்!

"இதையா ஐம்பத்திரண்டு வருஷமா தூக்கிக்கிட்டு அலையுறீங்க?" என்றாள். "ஐயோ மனுஷா! அவன் எனக்காகவா கதவைத் தட்டினான்? கோட்டுக்காகத் தட்டினான்!"

"எந்தக் கோட்டு?"

"அவனோட மேடைக் கோட்டு. மஞ்சள் சாட்டின், காலர்ல பளபளன்னு கல்லு வச்சது. சலவைக் கடையிலேர்ந்து வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பினான். வாங்கிட்டு வெளிய வந்தா, எதிர்ல இன்னொருத்திகூட குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். கோட்டோட பஸ் ஏறிட்டேன். அன்னைக்கு அவனுக்கு நிகழ்ச்சி. வேற கோட்டு கிடையாது. அதான் அந்த ஓட்டம்!"

"அப்போ, பாட்டுல 'கண்ணாடியில் அவள் கை அசைந்ததே'ன்னு வருதே?"

"கோட்டைத் தூக்கிக் காட்டினேன்!"

அக்கா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உலகம் பூராவும் இதயம் வெடித்து அழுகிற பாட்டு ஒரு சலவைத் துணிக்காக! ஒசாகாவிலிருந்து வந்து கும்பிடுகிறார்கள்! ஈஸ்டரில் பாடுகிறார்கள்! "அந்தக் கோட்டை என்ன பண்ணினே?" என்று கேட்டேன். சர்ச்சில் ஏழைகளுக்குத் துணி சேர்க்கிற மூட்டையில் போட்டுவிட்டாளாம். "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். பிறகு என் கையைத் துண்டால் துடைத்துவிட்டு, "எழுந்திரிங்க. பொண்ணு வெளிய அழுதுக்கிட்டு நிக்குது. போய்க் கதவைத் திறங்க" என்றாள்.

போனேன். ரெனிட்டா மாப்பிள்ளை தோளில் சாய்ந்து நின்றாள். இருநூறு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மழை, 5.38, கோட்டு, எல்லாம். பிறகு ரெனிட்டா, "அம்மாதான் அந்தப் பொண்ணா? அப்பாதான் அந்த டிரைவரா? இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லவே இல்லையா!" என்று கத்திக்கொண்டே வந்து என்னை அடிக்கிறாள், கட்டிக்கொள்கிறாள், மறுபடி அடிக்கிறாள். மிஸ் லூடி தடியை என் பக்கம் நீட்டி, "உன்னை நான் அரை நூற்றாண்டா வெறுக்கிறேன்டா தம்பி. கிட்ட வா, முகத்தைப் பாக்கணும்" என்றாள். போனேன். கன்னத்தைக் கிள்ளினாள், ரத்தம் கட்டியிருக்கிறது. மறுபடி உட்கார்ந்தேன், தொப்பியைப் போட்டேன், மறுபடி பாடினார்கள், இந்தத் தடவை நான் கையை நீட்டி கதவை நன்றாக அகலத் திறந்தேன். என் பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள். வெர்னெல் கேக் வெட்டப் போய்விட்டாள்.

ஆக, தங்கள் ஆறு வாரக் கணக்கைத் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும். நேற்றிலிருந்து வாசலில் ஆள் வருகிறார்கள். ஒரு ரேடியோக்காரர் வந்தார், கோட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். எனக்கு இப்போது அந்தப் பாட்டின் மேல் கோபம் இல்லை. பாவம், கோட்டுக்காரன். கோர்டெலைத் தாங்கள் ஓரிரு தடவை மேடையில் பார்த்திருக்கிறீர்களே, அந்த மஞ்சள் கோட்டு தங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் இரண்டு வரி எழுதவும், ரேடியோக்காரர் சாட்சி கேட்கிறார். இரவில் நன்றாகத் தூங்குகிறேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை.

தங்கள் மூட்டுகள் மழையறியாமல் இருக்கவும், தங்கள் வீட்டில் சிரிப்பும் நெய்மணக்கும் ரொட்டியும் குறையாமல் இருக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். பூனைக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம், அதே வரிசையில்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஹோஸியா ராக்லண்ட்

பி.கு.: அண்ணி, நான் வெர்னெல். கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். கோட்டு எதுவும் இல்லை அண்ணி. அன்னைக்கு என் கையில கைப்பையைத் தவிர ஒண்ணும் கிடையாது. அவன் எனக்காகத்தான் வந்தான், நான் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். பஸ் கிளம்பினதும் இறங்கணும்னு மணிக்கயித்தை இழுத்தேன். அடுத்த நிறுத்தத்துல இவர் நிப்பாட்டிக் கதவைத் திறந்தார். "யாரும்மா இறங்கணும்?"னு கேட்டார். நான் பேசல. இவர் மூடல. பின்னாடி வண்டிக்காரங்க எல்லாம் ஹாரன் அடிச்சாங்க, மழை உள்ள அடிச்சு இவர் சட்டையெல்லாம் நனைஞ்சுது, ஆனாலும் கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே கதவைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்தார். ரெண்டு நிமிஷத்துக்கும் மேலேயே இருக்கும். நான் இறங்கல. அது இவருக்கு ஞாபகமே இல்லை, அதைப் பத்தி யாரும் பாட்டும் எழுதல. இதைச் சொன்னா, கயித்தை ஏன் இழுத்தேன்னு இன்னொரு ஐம்பத்திரண்டு வருஷம் யோசிச்சுக்கிட்டு இருப்பார். அதனால ரேடியோக்காரங்க உங்களுக்குப் போன் பண்ணினா, மஞ்சள்னு சொல்லிடுங்க.